நிரூபிக்க வேண்டியவர் யார்?
மேற்கு வங்க நிலச்சீர்திருத்தம் தரும் படிப்பினை

(கட்சி உறுப்பினர்களுக்கான அரசியல் வகுப்பில் நிகழ்த்தப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)

சுதந்திர இந்தியாவில் நிலம் பற்றிய சட்டங்களுக்குப் பஞ்சம் இருந்ததில்லை. ஜமீன்தாரி ஒழிப்புச் சட்டங்களை நீதிமன்றங்கள் முடக்கிவிடக் கூடாது என்பதற்காக, 1951இலேயே அரசியல் சட்டத்துக்கு முதலாவது திருத்தம் கொண்டுவரப்பட்டு, ஒன்பதாவது அட்டவணை உருவாக்கப்பட்டது. அடுத்த இருபது ஆண்டுகளில் குத்தகைதாரர் பாதுகாப்பு, நில உச்சவரம்பு, உபரி நில விநியோகம் ஆகியவற்றுக்கு ஏறத்தாழ எல்லா மாநிலங்களிலும் சட்டங்கள் வந்துவிட்டன. ஆனால் அந்தச் சட்டங்கள் உழுபவரின் வயல்வரை போய்ச் சேர்ந்த மாநிலங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம்.

ஒரே விதமான சட்டங்கள் ஓரிடத்தில் வாழ்க்கையை மாற்றின. வேறிடத்தில் அரசிதழின் பக்கங்களிலேயே உறங்கின. இந்த வேறுபாட்டுக்கு அரசியல் உறுதி, வர்க்கப் பலாபலம், மக்கள் இயக்கத்தின் வலிமை என்று பல காரணங்கள் கூறப்படுகின்றன. அவை அனைத்தும் உண்மையே. ஆயினும் அந்தக் காரணங்கள் ஒன்றுகூடி வெளிப்படும் இடம் ஒன்று உண்டு. உரிமையை நிரூபிக்கும் பொறுப்பு யார் தோளில் சுமத்தப்பட்டிருக்கிறது என்பதே அந்த இடம். இந்தக் கேள்விக்கு மிகத் தெளிவான விடையைத் தருவது மேற்கு வங்கத்தின் அனுபவம். அதன் வெற்றியிலும் விடை இருக்கிறது. அதன் எல்லைகளிலும் இருக்கிறது.

யாருடைய களத்தில் நெல்?

1793இல் கார்ன்வாலிஸ் நிலைநாட்டிய நிரந்தரத் தீர்வை முறை, வங்கத்தின் நிலத்தை ஜமீன்தார்களின் சொத்தாக்கியது. காலப்போக்கில் ஜமீன்தாருக்கும் உழுபவருக்கும் இடையே அடுக்கடுக்காக இடைத்தரகர்கள் முளைத்தனர். அவர்களில் கிராமத்திலேயே வாழ்ந்து, நிலத்தையும் வட்டிக் கடனையும் நெல் வியாபாரத்தையும் ஒருசேரக் கையில் வைத்திருந்தவர்கள் ஜோதேதார்கள். அவர்களுடைய நிலத்தை வாரத்துக்கு உழுதவர்கள் பர்கதார்கள். விளைச்சலில் பாதி நிலவுடைமையாளருக்கு என்பது வழக்கம். விதைக்கடன், உணவுக்கடன், வட்டி, பல பெயர்களில் பிடித்தங்கள் எல்லாம் கழிந்தபின் பர்கதாரின் பாதியிலும் எஞ்சியது சொற்பமே.

இந்தக் கணக்கெல்லாம் நடந்த இடம் ஜோதேதாரின் களம். அறுத்த கதிரை அவருடைய களத்துக்குக் கொண்டுபோக வேண்டும். அங்கேதான் அடித்துத் தூற்றி அளக்க வேண்டும். அளப்பவரும் அவருடைய ஆள்; கணக்கு எழுதுபவரும் அவருடைய ஆள். ‘என் பங்கு இவ்வளவு’ என்று சொல்லும் பர்கதாரின் கையில் எந்தச் சான்றும் இருக்காது.

1940இல் அறிக்கை அளித்த ஃபிளவுட் கமிஷன், விளைச்சலில் மூன்றில் இரண்டு பங்கு உழுபவருக்கே சேர வேண்டும் என்று பரிந்துரைத்தது. பரிந்துரை பரிந்துரையாகவே நின்றது. 1943இன் பஞ்சம் சுமார் முப்பது லட்சம் உயிர்களைக் குடித்தது. அதற்குப் பிறகு, 1946இன் அறுவடைக் காலத்தில் விவசாய சங்கம் தேபாகா போராட்டத்துக்கு அறைகூவல் விடுத்தது. தேபாகா என்றால் மூன்று பங்கு. அதில் இரண்டு உழுபவருக்கு என்பது கோரிக்கை. ஆனால் போராட்டத்தின் நடைமுறை முழக்கம் வேறொன்று: நெல்லை அவரவர் களத்துக்கே கொண்டு செல்லுங்கள்!

இந்த முழக்கத்தின் ஆழத்தைக் கவனிக்க வேண்டும். நெல் உழுபவரின் களத்துக்கு வந்துவிட்டால், தன் பங்கைக் கேட்டு வர வேண்டியவர் ஜோதேதார் ஆகிறார். கணக்கை நிரூபிக்க வேண்டியவரும் அவரே ஆகிறார். எழுதப் படிக்கத் தெரியாத விவசாயிகள், சட்டப் புத்தகம் எதுவும் இல்லாமலேயே, நிரூபிக்கும் பொறுப்பை இடம் மாற்றினார்கள். அதனால்தான் அடக்குமுறையும் அவ்வளவு கொடூரமாக இருந்தது. 1947 பிப்ரவரியில் தினாஜ்பூர் மாவட்டத்தின் கான்பூரில் நடந்த துப்பாக்கிச்சூடு அதன் சாட்சியம். பர்கதார்களுக்கான மசோதா ஒன்றை அன்றைய மாகாண அரசு வெளியிட்டது. அது சட்டமாகவே இல்லை.

சட்டம் வந்தது, சான்று இல்லை

சுதந்திரத்துக்குப் பிறகு, 1953இல் எஸ்டேட் கையகப்படுத்தும் சட்டமும், 1955இல் நிலச்சீர்திருத்தச் சட்டமும் மேற்கு வங்கத்தில் இயற்றப்பட்டன. தனிநபர் ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய விவசாய நிலத்துக்கு 25 ஏக்கர் என உச்சவரம்பு விதிக்கப்பட்டது. மீன்வளர்ப்பு நிலம், பழத்தோட்டம் போன்றவற்றுக்கு விலக்கு தரப்பட்டது. விளைவு என்ன? நெல் வயல்கள் காகிதத்தில் மீன்குளங்களாயின. மகன், மருமகன், வேலையாள், பிறக்காத பிள்ளை என்று பினாமிப் பெயர்கள் பெருகின.

பர்கதாரின் பங்கு எவ்வளவு என்பதையும் சட்டம் வரையறுத்தது. ஆனால் அந்தப் பங்கைக் கேட்பவர் முதலில் தான் பர்கதார் என்பதை மெய்ப்பிக்க வேண்டியிருந்தது. வாரம் வாய்மொழி ஒப்பந்தம். நெல் கொடுத்ததற்கு ரசீது கிடையாது. சாட்சி சொல்லக்கூடிய பக்கத்து வயல்காரரும் அதே ஜோதேதாரிடம் கடன்பட்டவர். பதிவேடு திருத்த வரும் வருவாய்த்துறை ஊழியர் தங்குவது ஜோதேதாரின் வீட்டுத் திண்ணையில், உண்பதும் அங்கேதான். அந்தத் திண்ணை முன்னால் நின்று ‘இந்த நிலத்தை உழுபவன் நான்’ என்று சொல்லத் துணிந்தவர் அடுத்த பருவத்தில் நிலத்தையும் இழந்தார், உணவுக்கடனையும் இழந்தார். ‘சொந்த சாகுபடிக்கு நிலம் தேவை’ என்ற ஒரே வாசகம் அவரை வெளியேற்றப் போதுமானதாக இருந்தது. பாதுகாக்க வந்த சட்டமே பலருக்கு வெளியேற்றமாக முடிந்தது.

1967இலும் 1969இலும் ஐக்கிய முன்னணி அரசாங்கங்களில் நிலத்துறை அமைச்சராக இருந்த ஹரே கிருஷ்ண கோனார், இந்தப் பூட்டின் சாவி எங்கே இருக்கிறது என்பதைச் சரியாகக் கண்டறிந்தார். பினாமி நிலம் எது என்பது கோப்புக்குத் தெரியாது, கிராமத்துக்குத் தெரியும். எனவே விவசாயிகளின் திரட்டப்பட்ட வலிமையே மறைக்கப்பட்ட நிலத்தை வெளிக்கொணரும் கருவியாயிற்று. அந்த அரசாங்கங்கள் குறுகிய காலத்தில் கவிழ்க்கப்பட்டன. ஆனால் அந்த அனுபவம் அழியவில்லை.

ஹலுசாய் முகாம்

1977 ஜூன் 21 அன்று ஜோதி பாசு தலைமையில் இடது முன்னணி அரசாங்கம் பொறுப்பேற்றது. நிலச்சீர்திருத்தத் துறை வினய் சவுத்ரியிடம் வந்தது. அதே ஆண்டில் நிலச்சீர்திருத்தச் சட்டத்துக்குக் கொண்டுவரப்பட்ட ஒரு திருத்தம், பார்வைக்குச் சிறியது. விளைவில் மிகப் பெரியது. பிறருடைய நிலத்தைச் சட்டபூர்வமாக உழுபவர், அந்த உடைமையாளரின் குடும்பத்தைச் சேர்ந்தவரல்லாத பட்சத்தில், பர்கதார் என்றே கொள்ளப்படுவார். அவர் பர்கதார் அல்ல என்று யார் சொல்கிறாரோ, அவரே அதை நிரூபிக்க வேண்டும். தேபாகாவின் களம் ஒருவழியாகச் சட்டத்துக்குள் நுழைந்தது.

அடுத்த கேள்வி, இதைச் செயல்படுத்துவது எப்படி என்பது. 1978 மே மாதம் ஹூக்ளி மாவட்டத்தின் ஹலுசாய் கிராமத்தில் ஒரு முகாம் நடைபெற்றது. வழக்கமான பயிற்சி முகாம்களில் அதிகாரிகள் பேசுவார்கள், மக்கள் கேட்பார்கள். இங்கே நிலமற்றவர்களும் பர்கதார்களும் பேசினார்கள், அதிகாரிகள் கேட்டார்கள். பகலில் வந்து ஜோதேதார் முன்னிலையில் விசாரிக்கும் முறைக்குப் பதிலாக, பர்கதார்கள் வேலை முடிந்து திரும்பும் மாலை நேரத்தில், அவர்களுடைய குடியிருப்பிலேயே கூட்டம் நடத்தும் முறை இத்தகைய கலந்துரையாடலிலிருந்தே உருவெடுத்தது.

‘ஆபரேஷன் பர்கா’ என்று பெயர்பெற்ற நடவடிக்கையின் நடைமுறை இதுதான். பர்கதார்கள் மிகுதியாக உள்ள பகுதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. மாலைக் கூட்டத்தில் பெயர்கள் எழுதப்பட்டன. அந்தப் பட்டியலை எடுத்துக்கொண்டு வயலிலேயே, ஊரறிய, விசாரணை நடந்தது. நிலவுடைமையாளரின் ஆட்சேபமும் அங்கேயே கேட்கப்பட்டது. பட்டியல் பொது இடத்தில் ஒட்டப்பட்டது, சான்றிதழ் வழங்கப்பட்டது. தனித்தனியாக வந்தால் அஞ்சி வாய்மூடி நிற்கும் மனிதர்கள், கூட்டமாக நின்றபோது சாட்சிகளாயினர். ஒருவருக்கு மற்றவரே ஆவணம்.

அதே 1978 ஜூன் மாதம், கட்சி அடிப்படையில் மூன்றடுக்குப் பஞ்சாயத்துத் தேர்தல் நடந்தது. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பிரதிநிதிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். செப்டம்பரில் பெருவெள்ளம் வந்தபோது நிவாரணப் பணியைச் சுமந்தவை இந்தப் புதிய பஞ்சாயத்துகளே. கிராமத்தின் அதிகாரம் ஜோதேதாரின் திண்ணையிலிருந்து இறங்கத் தொடங்கிய காலம் அது.

கிடைத்தது என்ன?

பதிவுசெய்யப்பட்ட பர்கதார்களின் எண்ணிக்கை 1980களின் தொடக்க ஆண்டுகளிலேயே பத்து லட்சத்தைக் கடந்தது. பின்னர் சுமார் 15 லட்சத்தை எட்டியது. உச்சவரம்புக்கு மேற்பட்ட நிலத்தில் சுமார் 11 லட்சம் ஏக்கர், ஏறத்தாழ 30 லட்சம் பேருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டது. பயன்பெற்றவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் தலித்துகளும் ஆதிவாசிகளும். நாட்டின் மொத்தச் சாகுபடி நிலத்தில் மூன்று, நான்கு சதவீதமே கொண்ட ஒரு மாநிலம், நாடு முழுவதிலும் விநியோகிக்கப்பட்ட உபரி நிலத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கை விநியோகித்தது.

உள்ளீட்டுச் செலவைப் பர்கதார் ஏற்கும்போது விளைச்சலில் நான்கில் மூன்று பங்கு அவருக்கே என்ற விதிக்கு முதன்முறையாக உயிர் வந்தது. எல்லா இடத்திலும் முழுமையாக அல்ல. ஆயினும் பேரம் பேசும் இடத்தில் பர்கதார் வெறுங்கையோடு நிற்கவில்லை. நிலத்திலிருந்து துரத்தப்பட மாட்டோம் என்ற உறுதி, அந்நிலத்தில் உழைப்பையும் பணத்தையும் போடும் துணிவைத் தந்தது. 1980களில் மேற்கு வங்கத்தின் நெல் உற்பத்தி வேகமாக உயர்ந்தது. ஆழமற்ற குழாய்க் கிணறுகளும் கோடைக்கால போரோ நெல்லும் அதில் பெரும் பங்கு வகித்தன. நில உறவில் ஏற்பட்ட மாற்றத்துக்கும் அதில் கணிசமான பங்கு உண்டு என்பதைப் பொருளாதார ஆய்வாளர்கள் புள்ளிவிவரங்களோடு எடுத்துக்காட்டியுள்ளனர். நிலச்சீர்திருத்தம் உற்பத்தியைக் குலைக்கும் என்ற நிலப்பிரபுத்துவ வாதம் வயலிலேயே தோற்றது.

எட்டாதது என்ன?

தோழர்களே, சாதனையைப் பட்டியலிடுவதோடு நின்றுவிட்டால் அது விழா உரையாகவே இருக்கும். ஒரு மாற்றத்தின் மெய்யான விளைவை அளக்க வேண்டுமானால், பட்டியலில் பெயர் இல்லாதவர்களையும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

முதலாவதாக, பெண்கள். வயலில் நாற்று நட்டவர்களும் களையெடுத்தவர்களும் அவர்களே. ஆனால் தொடக்க ஆண்டுகளின் பட்டாக்களும் பர்கா சான்றிதழ்களும் பெரும்பாலும் ஆண்களின் பெயரிலேயே எழுதப்பட்டன. கணவன் மனைவி இருவர் பெயரிலும் கூட்டுப் பட்டா வழங்கும் நடைமுறை, நில விநியோகத்தின் பெரும்பகுதி முடிந்த பின்னரே வந்தது. மாலைக் கூட்டத்தில் ஊரே சாட்சி சொன்னபோதும், அந்த ஊரின் பாதிப் பேர் உழுபவர்களாகக் கணக்கிடப்படவில்லை.

இரண்டாவதாக, நிலத்தின் அளவு. 11 லட்சம் ஏக்கரை 30 லட்சம் பேருக்குப் பிரித்தால் ஒருவருக்கு அரை ஏக்கருக்கும் குறைவு. அது கௌரவத்தைத் தந்தது. கூலிக்குப் பேரம் பேசும் வலுவைத் தந்தது. ஒரு குடும்பத்தின் முழு வாழ்வாதாரத்தைத் தர அதனால் இயலவில்லை. அடுத்த தலைமுறையில் அது மேலும் துண்டாயிற்று.

மூன்றாவதாக, சந்தை. களத்தில் நியாயமாக அளக்கப்பட்ட நெல், களத்தைவிட்டு வெளியேறியதும் வியாபாரியின் தராசுக்குப் போயிற்று. 1991க்குப் பிறகு மத்திய அரசு பின்பற்றிய தாராளமயக் கொள்கை உர விலையை உயர்த்தியது. விவசாயத்தில் பொது முதலீட்டைச் சுருக்கியது. வங்கிகள் கிராமக் கிளைகளைக் குறைத்தன. கூட்டுறவுக் கடனும் கொள்முதலும் போதுமான அளவு விரிவடையாத இடங்களில், பழைய ஜோதேதாரின் இடத்தை உர வியாபாரியும் அரிசி ஆலை முதலாளியும் நிரப்பினார்கள். பட்டா பெற்றவர்களிலும் பதிவுசெய்த பர்கதார்களிலும் ஒரு பகுதியினர் நிலத்தின் மீதான பிடியை இழந்திருந்ததை, 2004இல் வெளியான மேற்கு வங்க மனித மேம்பாட்டு அறிக்கையே சுட்டிக்காட்டியது. சான்றிதழ் பெட்டியில் இருக்க, நிலம் கைமாறியிருந்தது.

நான்காவதாக, சிங்கூர். ஹலுசாய் முகாம் நடந்த அதே ஹூக்ளி மாவட்டத்தில், 2006இல் கார் தொழிற்சாலைக்காக 997 ஏக்கர் கையகப்படுத்தப்பட்டது. மாநிலத்துக்குத் தொழில் வளர்ச்சி தேவை என்பதில் ஐயமில்லை. துண்டு நிலத்தை நம்பி வாழும் அடுத்த தலைமுறைக்கு வேலை வேண்டும். ஆனால் கையகப்படுத்தல் நடந்தது 1894ஆம் ஆண்டின் காலனியச் சட்டத்தின் கீழ். பதிவுசெய்யப்பட்ட பர்கதாருக்கு உடைமையாளரின் இழப்பீட்டில் 25 சதவீதத்துக்கு இணையான தொகை வகுக்கப்பட்டது. பதிவு பெறாத பர்கதாரும் விவசாயத் தொழிலாளியும் தங்கள் வாழ்வாதாரம் அந்த மண்ணில் இருந்தது என்பதைத் தாங்களே மெய்ப்பிக்க வேண்டிய நிலைக்குத் தள்ளப்பட்டனர். ‘பொதுநோக்கம்’ என்பதை அரசு அறிவித்தால் போதும். இழப்பை மக்கள் நிரூபிக்க வேண்டும். 1977இன் திருத்தம் இடம் மாற்றிய பாரம் மீண்டும் பழைய தோளுக்கே வந்தது. அடுத்த ஆண்டு நந்திகிராமில் நடந்த துயரம் இந்த இடைவெளியை இன்னும் அகலமாக்கியது. 2011இல் 34 ஆண்டுக்கால ஆட்சி முடிவுக்கு வந்ததற்குக் காரணங்கள் பல. நிலத்தால் கிடைத்த நம்பிக்கை நிலத்தாலேயே குலைந்தது அவற்றில் முதன்மையானது. 2016இல் உச்ச நீதிமன்றம் சிங்கூர் கையகப்படுத்தலை ரத்து செய்தது.

எதிரிகளின் சதியும் ஊடகப் பிரச்சாரமும் இருந்தன என்பது மெய். அவை எப்போதும் இருப்பவை. 1978இலும் இருந்தன, நிலவுடைமையாளர்கள் அன்றும் நீதிமன்றத் தடையாணைகளோடு வந்தார்கள். அன்று அவர்களால் விவசாயிகளைப் பிரிக்க முடியவில்லை. காரணம், அன்று முதலில் கேட்கப்பட்டது மக்களின் சொல்.

இன்று திருப்பிப் போடப்படும் பாரம்

இந்தப் படிப்பினை வங்கத்தோடு முடிவதல்ல. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ஆதிவாசிகளுக்கு இழைக்கப்பட்ட வரலாற்று அநீதியைக் களைவதற்கென இடதுசாரிகளின் அழுத்தத்தோடு இயற்றப்பட்டது. உரிமையைத் தீர்மானிக்கும் பணியைத் தொடங்கும் அதிகாரம் கிராம சபைக்கு. ஊர்ப் பெரியவர்களின் வாக்குமூலமும் சான்றாகும் என்று விதிகள் கூறுகின்றன. நடைமுறையிலோ பல மாநிலங்களில் வனத்துறை காகிதத்தையே கேட்கிறது. காகிதம் இல்லாவிட்டால் மனு நிராகரிக்கப்படுகிறது. 2019 பிப்ரவரி 13 அன்று, நிராகரிக்கப்பட்ட மனுதாரர்களை வெளியேற்றுமாறு உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. நாடு தழுவிய எதிர்ப்புக்குப் பிறகு, பிப்ரவரி 28 அன்று அந்த உத்தரவு நிறுத்திவைக்கப்பட்டது. லட்சக்கணக்கான குடும்பங்களின் தலைக்கு மேல் அந்தக் கத்தி தொங்கியது, சட்டம் இல்லாததால் அல்ல. நிரூபிக்கும் பொறுப்பை அதிகாரிகள் சத்தமின்றி இடம் மாற்றிவிட்டதால்.

அசாமைப் பாருங்கள். ஒருவர் அந்நியர் என்று குற்றம் சாட்டினால் அதை நிரூபிக்கும் பொறுப்பு, 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, குற்றம் சாட்டுபவருடையது. 2005இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டத்தைச் செல்லாது என்றது. அதன்பின் தன் குடியுரிமையைத் தானே நிரூபிக்க வேண்டியவரானார் ஏழை. 2019 ஆகஸ்டில் வெளியான தேசியக் குடிமக்கள் பதிவேட்டில் 19 லட்சத்துக்கும் மேற்பட்டோரின் பெயர் இல்லை. வெள்ளத்தில் வீட்டோடு காகிதமும் போனவர்கள், திருமணமாகி வேறு ஊர் சென்றதால் தந்தையோடு உறவை ஆவணத்தால் காட்ட இயலாத பெண்கள், அவர்களில் ஏராளம். ஜோதேதாரின் திண்ணை இன்று கணினித் திரையாக மாறியிருக்கிறது. கேள்வி அதே கேள்விதான்: நீ யார், காகிதம் எங்கே?

எதிர்த்திசையிலும் சான்றுகள் உண்டு. 2018 மார்ச் மாதம் நாசிக்கிலிருந்து மும்பைக்குச் சுமார் 180 கிலோமீட்டர் நடந்த விவசாயிகளில் பெரும் பகுதியினர் ஆதிவாசிகள். வன உரிமை மனுக்களை முறையாக விசாரித்து முடிக்க வேண்டும் என்பது அவர்களுடைய முதன்மையான கோரிக்கைகளில் ஒன்று. தனித்தனி மனுதாரராக அலுவலகப் படியேறியபோது கிடைக்காத எழுத்துபூர்வ உறுதிமொழி, அணிவகுத்துச் சென்றபோது கிடைத்தது. ஹலுசாயில் கண்ட உண்மையே இது: ஏழைக்கு மற்றொரு ஏழையே ஆவணம், அமைப்பே அவர்களுடைய பதிவேடு.

கிளைகளின் முன்னுள்ள பணி

எனவே ஒரு சட்டமோ திட்டமோ அறிவிக்கப்படும்போது கட்சி உறுப்பினர் முதலில் பார்க்க வேண்டியது அதன் பெயரையும் ஒதுக்கீட்டுத் தொகையையும் அல்ல. இதில் தகுதியை நிரூபிக்க வேண்டியவர் யார், எந்த இடத்தில், யார் முன்னிலையில், எந்த மொழியில் என்பதைத்தான். விண்ணப்பம் எழுதிக் கொடுப்பது சேவை. தேவையானது, செய்ய வேண்டியது. ஆனால் நூறு விண்ணப்பங்களை நூறு தனி மனிதர்கள் சுமந்து அலைவதற்குப் பதிலாக, நூறு பேரும் ஓரிடத்தில் அமர்ந்து ஊரறியத் தங்கள் பட்டியலைத் தாங்களே எழுதுவது அரசியல். அந்தப் பட்டியலில் பெண்கள் யார், வெளியூரிலிருந்து வந்த தொழிலாளி யார், வாரத்துக்கும் குத்தகைக்கும் வெறும் வாய்மொழியில் உழுபவர் யார் என்று விடுபட்டவர்களைத் தேடிச் சேர்ப்பது அதன் அடுத்த படி.

பட்டியல் எழுதி முடிந்த பின்னும் வேலை முடிவதில்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து அந்தப் பெயர்களை மீண்டும் எடுத்து, நிலம் அவர்கள் கையில் இருக்கிறதா, கடன் யாரிடம் வாங்கினார்கள், நெல்லை யாருக்கு விற்றார்கள் என்று கேட்க வேண்டும். பதில் வருத்தம் தருவதாக இருந்தாலும் அதை மேல் கமிட்டிக்கு உள்ளது உள்ளபடி எழுத வேண்டும். வங்கத்து விவசாயிகள் தங்கள் வெற்றியை ஒரு மாலைக் கூட்டத்தில் பேசித் தொடங்கினார்கள். அத்தகைய கூட்டங்கள் கிளைதோறும் தொடர்ந்து நடைபெற வேண்டும்.